பிள்ளை பெற்ற வீட்டுக் காய்ச்சல்

என் தங்கை கினிசிமெரே பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. எடை இரண்டு கிலோ எழுநூறு கிராம் என்று அவளுடைய அட்டையில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு நடுவில் பெதேலி என்று ஒரு தம்பி. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கினி பெரிய தீவில் விடுதியில் தங்கிப் பதினொன்று வரை படித்தாள். எங்கள் வைனிகாய் ஊரில் முப்பத்தொரு வீடுகள். அந்த முப்பத்தொரு வீட்டிலும் அந்த வயதுப் பெண்களில் அவ்வளவு படித்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு இருபத்து நான்கு வயதானபோது, ஊருக்கு ஒரு பெண்ணை அனுப்புங்கள், ஆறு வாரம் சுகாதாரப் பயிற்சி தருகிறோம் என்று சேதி வந்தது. ஊர்க்கூட்டத்தில் தலைவரின் மனைவி பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நர்ஸ் லோசலினி, "மருந்துப் பெட்டியில எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியணுமே" என்று மெதுவாகச் சொன்னார். அதன்பிறகு கினியின் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு நீலப் பையோடு வந்தாள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, தெர்மாமீட்டர், காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், கட்டுத்துணி, கோடு போட்ட நோட்டு ஒன்று. அவள் கணவன் அபாகுகி எங்கள் மாமா மகன். ஊர்ப் படகை ஓட்டுபவன். கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பையைக் கண்டதும், "எனக்குத் தலைவலி வந்தா மாத்திரை தருவியா, இல்ல ஊர்க்கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டுத்தான் வரணுமா?" என்றான்.

"உன் தலையில வலிக்கிறதுக்கு என்ன இருக்கு? போய் மீனை அரி" என்றாள் கினி.

என் கணவர் இறந்தபின் நான் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டேன். ஆகவே அவள் வேலையை அருகிலிருந்து பார்த்தேன். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் ஒரு வீட்டையும் விட்டதில்லை. யாருக்குப் புண், யாருக்குச் சர்க்கரை, எந்தக் குழந்தைக்கு எப்போது ஊசி என்று எல்லாம் அந்த நோட்டில் தேதியோடு இருக்கும்.

அவளுக்குக் கைவராத வேலை ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பெற்றவளை மறுபடி நர்ஸிடம் கொண்டுபோவது.

பிரசவத்துக்குப் போவதில் சிக்கல் இல்லை. நாள் நெருங்கியதும் எல்லோரும் படகேறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். பெற்ற இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திரும்பி வருவார்கள். வந்தபின் அவள் வீட்டுக்குள் திரைக்குப் பின்னால், அடுக்கிய பாய்களின் மேல் படுத்திருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரைத் தொடக்கூடாது. துடைப்பத்தை எடுக்கக்கூடாது. மீன்சாறும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் வேளை தவறாமல் அவள் இருக்கும் இடத்துக்குப் போகும். ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள் வந்து காட்டு என்பார்கள். வீட்டில் பத்தாம் இரவு கழியாமல் படி இறங்காதே என்பார்கள். இரண்டில் எது நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாம் இரவுக்குப்பின் போகலாம்தான். ஆனால் நன்றாக இருக்கிறவள் எதற்குப் படகேற வேண்டும்? குழந்தைக்கு ஊசி போடப் போவார்கள். நர்ஸ் குழந்தையை எடை போடுவார். தாயை யாரும் பார்ப்பதில்லை, அவளும் காட்டுவதில்லை.

நன்றாக இல்லாதவள் கதை இன்னும் மோசம். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கு எங்கள் ஊரில் தந்தோகா என்று பெயர். அவள் சீக்கிரமே வேலை செய்துவிட்டாள், அல்லது வேலை செய்ய விட்டுவிட்டார்கள், புருஷன் வீட்டார் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அதனால் வருவது அது. அந்த நோயின் பெயரைச் சொன்னாலே குற்றவாளியின் பெயரும் கூடவே வந்துவிடும். அதனால் வாயைத் திறந்து அதைச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருத்திக்கும் அது வந்ததில்லை என்று அம்மா சொல்லிக்கொள்வாள். நானும் அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து நடந்தவள்தான்.

தம்பி பெதேலியின் மனைவி வாசெமதா பெரிய தீவுக்காரி. சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். 2014 ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வியாழக்கிழமை மதியம் அபாகுகி அவர்களைப் படகில் கொண்டுவந்தான். கரையிலிருந்து வீடு வரைக்கும் வாசெமதாவின் கால் மண்ணில் படாமல் பாய் விரித்தோம். அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு மூட்டுவலி.

சனிக்கிழமை நாலாம் இரவு விருந்து. அதற்கு மீன் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லோரும் வலையோடு பவளத்திட்டுக்குப் போனோம். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். இரண்டரை மணிக்குத் திரும்பியபோது கொடியில் மூன்று துணிகள் ஈரத்தோடு தொங்கின. அவை வாசெமதாவின் துணிகள்.

"யாரு துவைச்சது?"

"நான்தான் அக்கா. அழுக்கா கெடந்துச்சு. அத்தை தூங்கிட்டிருந்தாங்க, எழுப்ப மனசு வரல. சும்மா படுத்துப் படுத்து முதுகு பாயாவே ஆயிருச்சு."

"பச்சைத் தண்ணியிலயா?"

அவள் சிரித்தாள். "சொல்லிடாதீங்க அக்கா. அத்தை என்னைத் திட்ட மாட்டாங்க, உங்களைத்தான் திட்டுவாங்க."

நான் அந்தத் துணிகளை அவசரமாக எடுத்து உள்ளே அடுப்பங்கரையில் காயப்போட்டேன்.

சனிக்கிழமை சோப்பும் துணியும் பாயுமாக இருபத்திரண்டு பெண்கள் குழந்தையை மடியில் வாங்க வந்தார்கள். திரையை விலக்கி வாசெமதாவைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல பிள்ளை பெத்தவ ராணியாட்டம் இருக்கா" என்றார்கள். தலையில் எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, புதுத்துணி உடுத்தி நான்தான் அவளை அப்படி உட்கார வைத்திருந்தேன். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்த நேரம், பன்னிரண்டு மணிவாக்கில், வாசெமதாவுக்கு நடுக்கம் கண்டது. பல் அடித்துக்கொண்டது. இரண்டு போர்வை போர்த்தினேன். கோவிலிலிருந்து வந்த அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"பால் கட்டியிருக்கு. அதான்" என்றாள்.

"ஆமாம்மா, பால்தான்" என்றேன்.

அம்மா இலைச்சாறு பிழிந்து கொடுத்தாள். பெதேலியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் உடன்பிறந்தவனிடம் அக்காவோ தங்கையோ நேரே முகம் பார்த்துப் பேசுவதே இல்லை. அதிலும் அவன் மனைவியின் உடம்பைப் பற்றி எப்படிச் சொல்வது? அம்மா சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கினி பையோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

அவள் உள்ளே வந்து திரையோரம் உட்கார்ந்தாள். வாசெமதா கழுத்துவரை போர்த்தியிருந்தாள். வெயில் நாளில் போர்வை. கினி அதைப் பார்த்தாள். கையைப் பைக்குள் விட்டாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அதை எதுக்கு எடுக்கற?"

"சும்மா பாக்கறதுக்குத்தான்."

"மெரெயோனி வீட்ல எடுத்தியா? அவ மக பிள்ளை பெத்தப்ப எடுத்தியா?"

"எடுக்கல. அவ நல்லாருந்தா."

"அப்போ இங்க எடுத்தா என்ன அர்த்தம்? ஊர்ல என்ன பேசுவாங்க? கினி வீட்லயே கினி தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாளாம்னு."

திரைக்குப் பின்னாலிருந்து வாசெமதா சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமில்ல கினி. பால் கட்டியிருக்கு, அவ்வளவுதான். அக்கா நாலு வேளையும் மீன்சாறு குடுத்து என்னை ஒரு திமிங்கிலமாவே ஆக்கிட்டாங்க."

அவள் எங்களுக்காகத்தான் அதைச் சொன்னாள். புருஷன் வீட்டில் படுத்துக்கொண்டு எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தி சொல்வது, அந்த வீட்டார் எல்லோரையும் நடுத்தெருவில் நிறுத்துவதற்குச் சமம். வாசெமதா நல்ல வளர்ப்பு வளர்ந்தவள்.

கினி கையை வெளியே எடுத்தாள். வெறுங்கை. சின்ன வயதிலிருந்து என் பேச்சை அவள் தட்டியதில்லை. அந்தக் குணத்தை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு அவள் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்றாள். திங்கட்கிழமைதோறும் நர்ஸ் லோசலினி போன் செய்வார். வாசெமதாவைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி, நோட்டிலும் எழுதினாள்: "14.7.2014. தாய் நலம். சேய் நலம்." அந்தப் பக்கத்தை நான் பிறகு பார்த்தேன். கினியின் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அந்த வரி மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் நாள், துணி மாற்றும்போது ஒரு நாற்றம் வந்தது. சாதாரணமாக வரும் வாடை இல்லை அது. அறையில் எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டேன். அம்மா மூக்கைச் சுளித்தாள், எதுவும் கேட்கவில்லை. இன்னும் மூன்று நாள்தான், பத்தாம் இரவு போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாத எண்ணம் என்பதால் யாரும் அதை மறுக்கவும் இல்லை.

புதன்கிழமை மதியம் குழந்தை அழுதது. வாசெமதா திரும்பவில்லை. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்து, "லிதியா, ஓடையில தண்ணி ஏறுது, ஆடுங்களை அவுத்து விடு" என்றாள். லிதியா அவளுடைய அக்கா. பெரிய தீவில் இருக்கிறாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு நான் கினி வீட்டுக்கு ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டாள். இந்த முறை நான் கையைப் பிடிக்கவில்லை. காய்ச்சல் 40.2 டிகிரி செல்சியஸ்; முப்பத்தேழரையைத் தாண்டினாலே காய்ச்சல்தான். நாடி நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. கினி போர்வையை விலக்கி வயிற்றை மெல்ல அழுத்தினாள். வாசெமதா கத்திய சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

ஆண்கள் எதிர்வீட்டுக் கூடத்தில் யங்கோனா என்ற வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த்தலைவர் இருந்தார், போதகர் இருந்தார், பெதேலியும் இருந்தான். பெண்கள் அங்கே போனால் கதவோரம் குனிந்து உட்கார்ந்து, யாராவது கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். கினி நின்றபடியே பேசினாள். அதுவும் நேரே பெதேலியின் முகத்தைப் பார்த்து.

"அண்ணே, அண்ணி சாகப்போறாங்க. காய்ச்சல் ஞாயித்துக்கிழமையில இருந்து. எங்க வீட்லதான் தந்தோகா. நாங்கதான் மறைச்சோம். படகு வேணும்."

கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தவன் கை நின்றது. பெதேலி தலையைக் குனிந்துகொண்டான். தங்கை அவனிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து எங்கள் வீட்டை நோக்கி ஓடினான்.

வாசலில் அம்மா கினியின் முன்னால் வந்து நின்றாள். "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டே. குடும்பத்தையே கடல்ல தள்ளிட்டே. உன்னை நான் பெத்திருக்கவே வேண்டாம்."

"நகருங்கம்மா. பாயை எடுக்கணும்."

அபாகுகி எஞ்சினைத் தோளில் சுமந்து வந்துவிட்டான். ஆனால் கடல் வற்றிக் கிடந்தது. பவளத்திட்டின் வாயில் படகு போகும் அளவுக்குத் தண்ணீர் ஏற நாலரை மணி ஆகும். திங்கட்கிழமை காலையில் கடல் நிறைந்திருந்தது. படகும் கரையில் சும்மாதான் நின்றது. ஓட்டுகிறவன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. இதையெல்லாம் அந்த மூன்றே முக்கால் மணி நேரம் கரையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அபாகுகி ஒரு கேலிகூடப் பேசவில்லை.

ஆறு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரிக் கரையில் இறங்கினோம். வாசெமதா வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இறந்துபோனாள். அவளுக்கு வயது இருபத்தாறு.

டாக்டர் நடைவழியில் நின்று கேட்டார். வாசெமதாவின் அண்ணன் சாமிசோனி வந்திருந்தார், லிதியாவும் வந்திருந்தாள். அம்மா, பெதேலி, கினி, நான்.

"காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரி" என்றாள் அம்மா. "உடனே கெளம்பிட்டோம். கடல்தான் வழி விடல."

"ஞாயித்துக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு" என்றாள் கினி. "திங்கக்கிழமை நான் பாக்கப் போனேன். பாக்கல. நல்லாருக்காங்கன்னு எழுதினேன். நர்ஸ்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

சாமிசோனி அவளைப் பார்த்தார். "நீ யாரு?"

"ஊருக்கு நான்தான் சுகாதாரப் பணியாளர். உங்க தங்கச்சிக்கு நாத்தனார்."

அக்கா தடுத்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். சாமிசோனியின் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொண்டது. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: தடுத்தவள் நான்.

எல்லோரும் நகர்ந்தபின் டாக்டரிடம் தனியே கேட்டேன். பச்சைத் தண்ணீரில் மூன்று துணி துவைத்தாள், அதனால்தானா என்று. அவர் முதலில் என் கேள்வியே புரியாமல் விழித்தார். பிறகு சொன்னார்: "துணிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. நஞ்சுக்கொடியில ஒரு துண்டு கர்ப்பப்பையிலயே தங்கிப்போச்சு. சீழ் வச்சுருச்சு. யார் வீட்லயும் யாருக்கும் வரலாம். திங்கக்கிழமை வந்திருந்தா சுத்தம் பண்ணி, மருந்து ஏத்தி அனுப்பியிருப்போம்."

நான் மறைத்தது என் குற்றத்தை அல்ல. அங்கே குற்றம் என்று ஒன்று இருக்கவே இல்லை. மறைத்ததுதான் குற்றமாயிற்று.

அடக்கம் அவள் ஊரிலேயே நடந்தது. மூன்றாம் வாரம் எங்கள் ஆண்கள் மன்னிப்புக் கேட்கத் திமிங்கிலப் பல் ஏந்திப் போனார்கள். வாசலுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தபின் சாமிசோனி அதைத் தொட்டு வாங்கினார். "வாங்கலைன்னா உங்க ஊரோட எங்களுக்குப் பகை. அது வேண்டாம். ஆனா பிள்ளை இங்கதான் வளரும்" என்றார். பெதேலி வருடத்துக்கு இரண்டு முறை போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறான். அவள் அவனைச் 'சித்தப்பா' என்கிறாள். லிதியாவின் புருஷனைத்தான் 'அப்பா' என்கிறாள்.

கினிக்கு மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரில் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. பொய் எழுதியதற்காக அவர்கள் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னதற்காகத்தான் கோபம். "கினி வந்து போனா வீட்டு மானம் ஆஸ்பத்திரி வரைக்கும் போகும்" என்று குழாயடியில் சொன்னார்கள். அவள் தூரத்தில் வருவதைக் கண்டாலே பிள்ளை பெற்ற வீட்டில் கதவுப்பாயை இறக்கிவிடுவார்கள். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். நான்கு மாதம் நீலப்பை ஆணியில் தொங்கியது.

ஒருநாள் காலை நான் அவள் வீட்டுக்குப் போனபோது அபாகுகி வாயில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.

"என்னடி இது?"

"முப்பத்தாறு புள்ளி ஏழு" என்று அவள் நோட்டில் எழுதினாள். அபாகுகி எட்டிப் பார்த்தான். "எனக்குப் பிள்ளை பொறந்து எத்தனை நாள் ஆச்சுன்னும் எழுதிக்கோ. பத்தாம் ராத்திரி வரைக்கும் நான் விறகு வெட்ட மாட்டேன்."

கினி அவனைக் கவனிக்கவில்லை. என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கு நீ கேட்டியே அக்கா, மெரெயோனி வீட்ல எடுத்தியான்னு. அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒருத்திக்கு மட்டும் எடுத்தா அது குத்தம் சொல்றது மாதிரி. வீட்ல இருக்கிற எல்லாருக்கும் எடுத்தா?"

அப்படித்தான் தொடங்கினாள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், ஆறாம் வாரம் என்று போவாள். உள்ளே நுழைந்ததும் முதலில் மாமியாருக்கு. பிறகு மாமனாருக்கு, புருஷனுக்கு, பெரிய பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு முறையும் துடைத்துச் சுத்தம் செய்து வைப்பாள். கடைசியில்தான் தாய். எல்லா எண்ணையும் ஒரே குரலில் படிப்பாள். ஊர் சிரித்தது. "நாய்க்கும் வை டாக்டரம்மா, ரெண்டு நாளா அது சரியா குரைக்கல" என்றார்கள். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்கள். இரண்டு வீடுகளில் மட்டும் கடைசிவரை கதவுப்பாய் ஏறவே இல்லை. அதில் ஒரு வீட்டுப் பெண் மூன்று மாதம் இரத்தம் நிற்காமல், வெளுத்துப்போய், பிறந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம், மெரெயோனியின் மருமகள் லைசானிக்குப் பையன் பிறந்தான். மெரெயோனிதான் குழாயடியில் அதிகம் பேசியவள். ஐந்தாம் நாள் கினி போனாள். அது அவள் போகவேண்டிய நாள் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது லைசானியின் கண் சரியில்லை என்று தோன்றியதாம். என்னையும் கூட்டிப்போனாள். தனியே போகப் பயமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

"இன்னைக்கு எதுக்கு வந்தே? ஏழாம் நாள்தானே உன் கணக்கு?" என்றாள் மெரெயோனி.

"உங்களைப் பாக்கணும் போல இருந்துச்சு அத்தை. வாயைத் தெறங்க."

"என் வாயைத் தெறந்தா நீதான் ஓடணும்" என்று சொல்லிவிட்டுத் திறந்தாள்.

முப்பத்தாறு புள்ளி ஒன்பது. அவள் மகனுக்கு முப்பத்தாறு புள்ளி நான்கு. கினி திரைக்குப் பின்னால் போனாள். வெளியில் யாரோ மரவள்ளி இடிக்கும் சத்தம் கேட்டது. கினி அதே குரலில் படித்தாள்:

"முப்பத்தெட்டு புள்ளி எட்டு."

மெரெயோனியின் முகம் கறுத்துப்போயிற்று. "அப்போ நாங்க பாத்துக்கலைன்னு சொல்ற."

"இல்ல அத்தை."

"பின்ன என்ன? அந்த எண்ணுக்கு வேற என்ன அர்த்தம்? உங்க வீட்டு மாதிரி எங்க வீடும்னு சொல்ல வந்திருக்கே."

கினி நோட்டை மூடினாள். "எங்க வீட்ல நல்லாத்தான் பாத்துக்கிட்டோம் அத்தை. நாலு வேளை மீன்சாறு. கால் மண்ணுல படல. இதோ நிக்கறாங்களே என் அக்கா, ஈ மொய்க்க விடல. அப்படியும் செத்துப்போனாங்க. பாத்துக்கிட்டாலும் வரும். டாக்டரே சொன்னாரு."

மெரெயோனி என்னைப் பார்த்தாள். இந்தமுறை வாய் அடைக்கவில்லை. "ஆமா. டாக்டர் என்கிட்டத்தான் சொன்னாரு. யார் வீட்லயும் வரலாம்னாரு. வரலாம்னு தெரியாம நான்தான் மறைச்சேன். கினி பாக்க வந்தப்ப கையைப் பிடிச்சவ நான்தான்."

அதைக் கேட்டது மெரெயோனி, அவள் மகன், லைசானி, கினி, நான்கே பேர். மாலைக்குள் முப்பத்தொரு வீட்டுக்கும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அப்படியே தெரிந்தது.

மெரெயோனி திரையை விலக்கி லைசானியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகனிடம், "போய் அபாகுகியை எஞ்சினை எடுக்கச் சொல்லு. கடல் நெறஞ்சிருக்குறப்பவே கெளம்பணும்" என்றாள். கினியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நர்ஸுக்குச் சீட்டு எழுதுவியே. நாங்க ஒழுங்காப் பாத்துக்கிட்டோம்னும் அதுல எழுது."

கினி எழுதினாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். "வீட்டார் நன்றாகக் கவனித்துள்ளனர். ஐந்தாம் நாள் காய்ச்சல் 38.8. அடிவயிறு தொட்டால் வலி. உடனே பார்க்கவும்." முதல் வரியை மெரெயோனிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டினாள்.

லைசானி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதில் மூன்று நாள் பிழைப்பாளா என்று தெரியாமல் இருந்தது. திரும்பி வந்தபோது படகிலிருந்து தானே இறங்கி, பாதி மணலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி நடந்தாள். மெரெயோனி கினிக்கு நன்றி சொல்லவில்லை. அதற்கு ஏழு மாதம் கழித்துத் தன் மகள் இரண்டாவது பிள்ளையைப் பெற்றுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது, கினி வருவதற்குமுன் கதவுப்பாயைத் தூக்கிக் கட்டியிருந்தாள்.

எங்கள் அம்மா இன்னும் கினியோடு பேசுவதில்லை. மூன்றாம் நாள் முறைப்படி எந்த வீட்டுக்குப் போனாலும் என் தங்கை எங்கள் வாசலைக் கடந்துதான் போகவேண்டும். அம்மா அப்போது உள்ளே எழுந்து போய்விடுகிறாள். நான் வாசலிலேயே நிற்கிறேன்.